அரைச் சம்பளத்துக்கு வந்த துரை

நான் படித்த காலத்தில் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தையும் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். அதில் பாதியைக் கல்லூரியே தள்ளிக் கொடுத்தால் அதற்கு அரைச் சம்பளம் என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் படிக்கப் போக ஆசைப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு, அரைச் சம்பளம் கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் தோல் கிடங்கு. நடுவில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மிஷன்காரர்கள் நடத்திய சின்னக் கல்லூரி அது. இண்டர்மீடியட் வரைக்கும்தான் உண்டு. அதற்கு மேல் பி.ஏ. என்றால் பட்டணம் போக வேண்டும். ரசாயன வகுப்பு நடக்கும் அறையிலேயே சனிக்கிழமை மாலை பாட்டுப் பயிற்சியும் நடக்கும். அமில நெடியில் வாயைத் திறந்து பாடிப் பாடித்தான் எங்கள் தொண்டை இப்படி ஆயிற்று என்று பிற்பாடு நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

கல்லூரி சின்னதாக இருந்தாலும் அதில் சேருவதற்கான நிபந்தனைகள் சின்னவை அல்ல. பள்ளி இறுதிப் பரீட்சையில் கல்லூரிக்குத் தகுதி என்று போட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியர் நன்னடத்தைச் சான்று தர வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி அம்மை குத்திய தழும்பைக் காட்ட வேண்டும். அவர்கள் வாசிக்க வாசிக்க ஒரு பக்கம் ஆங்கிலம் பிழையில்லாமல் எழுத வேண்டும். இவ்வளவும் சேருவதற்கு மட்டும். அரைச் சம்பளம் கேட்கிறவனுக்கு இன்னும் இருந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. காலை வேளையில் கல்லூரியில் ஏதாவது ஒரு வேலை பார்க்க வேண்டும். வருஷா வருஷம் புதிதாக மனுப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரின்சிபால் துரை தாமே வீட்டுக்கு வந்து நிலைமையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்.

சேருவதற்கு என்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும், சலுகைக்கு எங்களிடம் இல்லாததைக் காட்ட வேண்டும். முதலாவதை நான் ஒருமாதிரி செய்து முடித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று தப்பு வந்தது, தழும்பு பளிச்சென்று இருந்தது, கல்லூரிக் குமாஸ்தா போதும் என்று தலையை ஆட்டினார். இரண்டாவதுதான் எங்கள் குடும்பத்துக்கு வரவில்லை. அதற்குக் காரணம் அப்பாவின் தொழில்.

அப்பா தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி. கிடங்கு ஒரு சாயபுவுடையது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து வரும் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பது அப்பாவின் வேலை. தோலை மடியில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். பிறகு கட்டாகக் கட்டுவார்கள். பட்டணத்துக் கம்பெனியிலிருந்து வெள்ளைக்காரத் துரை யாராவது சரக்குப் பார்க்க வரப்போகிறார் என்றால் கிடங்கு அல்லோலகல்லோலப்படும். முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். சுண்ணாம்புத் தொட்டி வாடைக்குச் சாம்பிராணி போடுவார்கள். சாயபு வீட்டிலிருந்து நாற்காலிகள் வரும், ஈரச் சாக்கில் சுற்றிய சோடா வரும். கட்டின் மேலே முதல் தரம், நடுவில் இரண்டாம் தரம், அடியில் இருப்பதற்கு ஆண்டவர்தான் சாட்சி.

அதை ஏமாற்று என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். வந்த மனிதனுக்குக் காட்டும் மரியாதை என்பார். மேலே இருப்பது மேலே இருப்பதற்காகத்தான் இருக்கிறது என்று துரைக்கும் தெரியும், அதற்குத் தகுந்தபடி அவரும் விலையை இறக்கித்தான் கேட்பார். அந்த வியாபாரத்தில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: நமக்கு விற்றாக வேண்டிய அவசரம் இருக்கிறது என்று முகத்தில் காட்டுவது. காட்டினால் தொலைந்தது.

ஆகவே, பிரின்சிபால் துரை சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார் என்று நான் சொன்னபோது, அப்பா வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. துரை வருகிறார் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே நேராகச் சாயபுவிடம் போய்விட்டார்.

எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் சாய்ப்பாக இறக்கிய அடுப்படி. அதற்குள் சனிக்கிழமை காலை என்னென்ன வந்து இறங்கியது என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கை வைத்த நாற்காலிகள் வந்தன. சாயபு வீட்டில் பெருநாளைக்கு விரிக்கும் பூப்போட்ட ஜமக்காளம் வந்தது, அதை விரித்ததும் எங்கள் தரை முழுவதும் மறைந்து சுவரிலும் கொஞ்சம் ஏறியது. சுவர்க் கடிகாரம் ஒன்று வந்தது. வெள்ளி டம்ளர் வந்தது. எனக்குச் சாயபு மகனின் கோட்டு வந்தது. கிறிஸ்துமஸுக்கென்று அம்மா புளியங்கொழுந்து ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாவை அப்பா காலையிலேயே அறுத்துவிட்டார். தோலைக் கத்திபடாமல் உரித்துத் தடவிப் பார்த்து, "ரெண்டாந்தரம்தான், கழுத்துல கீறல் இருக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டதையும் கேட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் அடித்தபோது திடுக்கிட்டு, கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"இன்னாங்க இதெல்லாம்? இருக்கிறத இருக்கிற மாதிரி வெச்சா ஆவாதா?"

"தொரை வர்றப்போ கிழிஞ்ச தோல மேல வெக்கச் சொல்றியா? இன்னாமே பேசுற நீ?"

"அவரு இன்னா தோலு வாங்கவா வர்றாரு?"

அப்பா கடிகாரம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி அதை நேராக்கப் போய்விட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஜமக்காளத்தின் மேல் சாயபு மகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

துரை தெருமுனையில் ஜட்காவை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். நாட்டுக்கு வந்ததும் வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் கற்றுக்கொண்டவராதலால் அவர் பேச்சு முழுவதும் அந்த நடையில் இருக்கும். வாசலில் நின்று, "உம்முடைய வீட்டுக்குச் சமாதானம்" என்றார். அப்பா கிடங்கில் செய்வதுபோல இடுப்புவரை குனிந்து கும்பிட்டு நாற்காலியைக் காட்டினார். துரை உட்கார்ந்தார். ஜமக்காளத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துத் தம் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து ஒத்துப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார்.

"உம்முடைய வருமானம் குடும்பத்துக்குப் போதுமானதாய் இருக்கிறதோ?"

"கர்த்தர் கிருபையில ஒரு கொறையும் இல்லீங்க."

"கஷ்டம் ஏதும் உண்டோ?"

"நமக்கு இன்னாங்க கஷ்டம்? எல்லாம் நல்லாத்தான் கீது."

துரை நல்ல மனிதர், இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. "சம்பளம் முழுவதையும் செலுத்துவது உமக்குப் பாரமாய் இருக்குமல்லவா?" என்று கேட்டார்.

அடுப்படியில் அம்மா கரண்டியைத் தரையில் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள். அப்பாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. எத்தனையோ துரைமார் எதிரில் நின்று பழகிய முகம் அது. அவசரத்தைக் காட்டாத முகம்.

"புள்ளைக்குன்னா கட்டிட்டுப் போறோம்ங்க. இருந்தாலும் தொரை பார்த்து இன்னா செஞ்சாலும் சரி."

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் கேட்கலாம். அப்பா பேசும்போது மகன் குறுக்கே பேசும் வழக்கம் எங்கள் தெருவில் அப்போது வரவில்லை. இப்போது வந்திருக்கிறது, அதனால் பேச்சு சுருக்கமாக முடிகிறது என்றும் நான் காணவில்லை.

பேச்சு முடிந்ததும் அப்பா இலை போடச் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்து பிரியாணிக்குப் பேர் போன பாய் ஒருவரை வரவழைத்துச் செய்திருந்தார்கள். அண்டாவின் மூடியை எடுத்ததும் சீரகச் சம்பாவும் கறியும் மணந்த மணம் தெரு முழுவதும் போயிற்று. துரைக்கும் அது எட்டியிருக்கும். ஆனாலும் அவர் எழுந்துகொண்டார்.

"பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவு செய்யுமுன் மாணாக்கனுடைய வீட்டில் போஜனம் பண்ணலாகாது என்று கல்லூரியில் சட்டம் உண்டு. தண்ணீர் மாத்திரம் கொடும்."

வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தோம். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இந்த இடத்தில் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் வெளியார் யாரும் எங்கள் வீடுகளில் கை நனைத்ததில்லை. சாயபு தங்கமான மனிதர். நாற்காலி கொடுப்பார், பெருநாளைக்குக் கறி அனுப்புவார். அவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாங்களும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால் இந்தத் துரை எங்கள் கோயிலுக்கு வரும்போது எங்களோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறவர். அவர் சாப்பிடுவார் என்று அப்பா நம்பியிருந்தார். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

"சட்டமாம் சட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிரியாணியைத் தெருவே சாப்பிட்டது. நானும் நன்றாகச் சாப்பிட்டேன். அப்பா சாப்பிடவில்லை.

சில நாட்களில் தபால் அட்டை வந்தது. கல்லூரியில் இடம் உண்டு, குடும்பம் நல்ல நிலையில் இருப்பதால் சலுகைக்கு இடமில்லை. அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"சேத்துக்கினாங்க இல்ல?"

"சேத்துக்கினாங்க. ஆனா முழுச் சம்பளம் கட்டணும்."

"அதெப்படி? முதல் தரமா காட்டினமே" என்றார். அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அட்டையைக் கிழிக்கப் போனேன், அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

சாயபுவிடம் விஷயம் போயிற்று. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அரே மேஸ்திரி, நீ என் வூட்டையே எடுத்துனு போய் தொரைக்குக் காட்டிருக்கியே! என் வூட்டுக்கு எவன்யா சலுகை குடுப்பான்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நேராப் போய்ச் சொல்லிடு. இதெல்லாம் என்னுது இல்ல, எனக்குக் கட்ட வழி இல்லன்னு சொல்லிடு. பேஜார் முடிஞ்சுது" என்றார்.

அதுதான் முடியாமல் போயிற்று. அப்பா பல வேலைகள் செய்வார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஆள் குறைந்த நாளில் தோலைப் புரட்டுவார். சாயபுவுக்கும் துரைக்கும் நடுவில் நின்று இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவார். ஆனால் இன்னொரு மனிதன் முன்னால் நின்று என்னால் ஆகாது என்று சொல்வது அவரால் ஆகாது. "என் வாயால சொல்லணுமா? பாத்தா தெரியாதா அவனுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். பார்த்தால் தெரியாதபடி செய்தது யார் என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

சாயபு மனமிரங்கி எனக்குக் கிடங்கிலேயே எழுத்து வேலை போட்டுக் கொடுத்தார். எத்தனை கட்டு வந்தது, எத்தனை கட்டு போயிற்று என்று எழுத வேண்டும். "நெழல்ல குந்துற வேல" என்று அப்பாவுக்குக் கூட ஒரு திருப்தி வந்துவிட்டது. எனக்கு அந்த நிழலைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. எழுதுவதற்கு அதிகம் இருக்காது. சாயங்காலத்தில் கட்டுக் கட்டுகிறவர்களோடு நானும் உட்கார்ந்து கட்டுவேன். கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு பையன் ஒருவனுக்கு என் இடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் நான் கட்டிய கட்டில் கிழிந்த தோலாகப் பார்த்துப் பொறுக்கி மேலே வைத்தேன். நல்லதையெல்லாம் அடியில் போட்டேன். தெரியாமல் செய்ததல்ல. அவர் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். அப்பா வந்தார், வழக்கம்போல மேல் தோலைத் தடவினார். கை நடுவில் ஓட்டையில் போய் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அறை விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. கட்டை அவிழ்த்தார். அந்தக் கிழிந்த தோலைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் நிதானமாக அடுக்கி மாற்றிக் கட்டினார்.

மறுநாள் காலையில், "கெளம்பு. வேலூருக்குப் போவலாம்" என்றார்.

கோட்டும் இல்லை, வெள்ளை வேட்டியும் இல்லை. கிடங்குக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையையே போட்டுக்கொண்டார். பட்டைத் தண்ணீர்க் கறை படிந்த சட்டை. ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. காட்பாடியில் இறங்கி ஜட்கா ஏறும்போது வண்டிக்காரனும் ஏதோ முணுமுணுத்தான், அவனை மட்டும் நான் நன்றாகத் திட்டினேன்.

கல்லூரியில் வெகுநேரம் காத்திருந்தோம். கூப்பிட்டு உள்ளே விட்டபோது துரை அப்பாவை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை.

"நின்னுனே சொல்லிடறேங்க தொரை. நடுவுல நிறுத்தினா அப்புறம் வராது."

"சொல்லும்."

"அன்னிக்கு நீங்க குந்தின நாற்காலி எங்க மொதலாளியுது. கீழ விரிச்சிருந்தது அவருது. கடியாரம் அவருது. நீங்க தண்ணி குடிச்ச டம்ளரு அவருது. இவன் மாட்டினு இருந்தானே கோட்டு, அது அவரு புள்ளையுது. எனக்கு வாரக் கூலிங்க. சீமைக்குக் கப்பல் போவலன்னா சரக்கு தேங்கிப்பூடும், அப்ப அதுவும் இல்ல. முழுச் சம்பளம் என்னால கட்ட முடியாது."

முடியாது என்ற சொல்லை அப்பாவின் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவருக்காக நான் வேதனைப்பட்டது அப்போதுதான். அதுவரையில் எனக்காகத்தான் வேதனைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?" என்றார் துரை.

"எங்களுக்குத் தொரைங்கன்னா சரக்கு பாக்க வர்றவங்கதாங்க. அப்பிடித்தான் காட்டத் தெரியும்."

துரைக்கு அது விளங்கியதா என்று சொல்ல முடியாது. பேனாவை எடுத்தபடி, ஏளனம் ஒன்றும் இல்லாமல், மனுவில் எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்: "அப்படியானால் அந்த வீட்டிலே உம்முடையதாய் என்னதான் இருந்தது?"

"சோறுங்க" என்றார் அப்பா. "கெடா எங்க வூட்டுல வளந்தது. அரிசி எங்க காசுல வாங்கினது. அது ஒண்ணுதான் எங்களுது. அதத்தான் நீங்க தொடல."

துரை பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் காதுவரை சிவந்தது.

"அது கல்லூரியின் சட்டம்" என்றார்.

"தெரியுங்க. சட்டம்னே வெச்சிக்கிங்க. எங்க தெருவுல அது வேற மாதிரித் தெரியும்."

துரை ஒரு தாளில் ஏதோ எழுதிக் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு அரைச் சம்பளம் ஆயிற்று. காலை வேளைகளில் ரசாயன அறையின் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் வேலை கொடுத்தார்கள். முதல் மாதத்தில் இரண்டு குழாயை உடைத்தேன். கிடங்கு வாடைக்கு அமில வாடை எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டு கழுவினேன்.

அன்று திரும்பும்போது அப்பா ரயிலில் தூங்கிவிட்டார். ஆம்பூர் வந்ததும் எழுப்பினேன். தெருமுனையில் யாரோ என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "குடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை.

வருஷா வருஷம் புதிதாகக் கேட்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். அடுத்த வருஷம் மனுப் போட்டேன். துரை வந்து பார்ப்பார் என்று அட்டை வந்தது. அப்பா இந்த முறை சாயபு வீட்டுப் பக்கமே போகவில்லை. அம்மா தரையை மெழுகினாள், இருந்த பாயை உதறிப் போட்டாள். பாயில் ஒரு மூலை பிய்ந்திருந்தது. அப்பா அந்த மூலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அம்மா அதைப் பார்த்தாள். விசேஷமாக எதுவும் சமைக்கவில்லை. எப்படியும் சாப்பிடப் போவதில்லை, சட்டம் இருக்கிறது.

துரை வந்தார். பாயில் சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தார், நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. சுவரில் கடிகாரம் மாட்டிய ஆணி மட்டும் இருந்தது, அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"இந்த வருஷத்துச் சலுகைக்கு நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகையால் இன்று உம்முடைய வீட்டில் நான் போஜனம் பண்ணலாம். சட்டம் தடுக்காது."

அப்பா திகைத்துப் போய்விட்டார். "மொதல்லயே ஒரு வார்த்த எழுதியிருந்தா கெடா..." என்று தொடங்கினார். அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். எங்களுக்கென்று கிண்டி வைத்திருந்த கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான் இருந்தது. எங்கள் ஈயம் பூசிய தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தாள்.

துரை தட்டைப் பார்த்தார். கண்ணை மூடி ஜெபித்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே ஜெபித்தார். பிறகு களியைப் பிட்டு வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "முழுங்குங்க, முழுங்குங்க" என்றாள். அவர் விழுங்கினார். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. இருந்தும் நிறுத்தவில்லை. மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா எங்களோடு உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒருக்களித்துச் சாத்தியிருந்த கதவை மெதுவாக, சுவரில் போய் முட்டும்வரை திறந்து வைத்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். உச்சி வெயில் நேராகத் துரையின் முகத்தில் அடித்தது.

"வெய்யில் அடிக்குது பாருங்க, சாத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா சாத்தவில்லை.